குழிக்குள் நாற்பத்தோரு நிமிஷம்

அத்தியாயம் 11

டஸ்டினின் இடது காலிலிருந்து ஒரு ஒயர் கிளம்பி, சமையலறைச் சுவர் பிளக்கில் போய் முடிந்தது. தினமும் காலையில் இரண்டு மணி நேரம் அவன் இப்படித்தான் உட்கார வேண்டும். கணுக்காலில் பூட்டிய கண்காணிப்புப் பெட்டிக்குச் சார்ஜ் ஏற வேண்டுமே. போன் என்றால் கழற்றி மாட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். காலைக் கழற்றி மாட்ட முடியாது.

ஒன்பது மாதமாகியும் நடீனுக்கு இந்தக் காட்சி பழகவில்லை. இருபத்தேழு வயசுப் பிள்ளையைச் சுவரோடு கட்டிப்போட்டு, எதிரே தட்டை வைத்து, சாப்பிடு என்று சொல்வதற்கு எந்த அம்மாவுக்கு வாய் வரும்?

"சாப்பிடுடா. கிரேவி ஆறுது."

"இறங்க மாட்டேங்குதும்மா."

"கோர்ட்ல வயிறு கத்தி மானத்தை வாங்கப்போகுது."

"வாங்குறதுக்கு அங்க என்ன மிச்சம் இருக்கு?"

அவன் சிரித்தான். நடீனுக்குச் சிரிப்பு வரவில்லை. இஸ்திரிப் பெட்டியை எடுத்து அவனுடைய ஒரே நல்ல பேன்ட்டின் மேல் ஓட்டினாள். இடது கால் பக்கம் கண்காணிப்புப் பெட்டி நுழைவதற்காக முழங்கால் வரை தையலைப் பிரித்து, உள்ளே கறுப்புத் துணி வைத்துத் தைத்திருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷம் கரண்டி பிடித்த கை அது. தையல் கொஞ்சம் கோணல்தான்.

டஸ்டின் செய்தது ஹாலோவே ஊருக்கே தெரியும். அவனும் மறைத்ததில்லை. எண்ணெய்க் கிணற்று வேலையில் தோள்பட்டை நொறுங்கியது. டாக்டர் கொடுத்த வலி மாத்திரை அவனைப் பிடித்துக்கொண்டது. டாக்டர் நிறுத்தினார், மாத்திரை நிறுத்தவில்லை. ஒரு சாயங்காலம் மிஸ்டர் டில்மனின் மருந்துக் கடைப் பின்கதவுக் கண்ணாடியை உடைத்து உள்ளே போனான். கடை பூட்டியிருக்கிறது என்றுதான் நினைத்தான். உள்ளறையில் இருந்த கிழவர் சத்தம் கேட்டு ஓடிவந்து, கண்ணாடிச் சில்லில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. அன்றிலிருந்து அவருக்குச் சக்கரம் வைத்த நடைவண்டிதான் துணை.

நாலு வருஷம் சிறை, அல்லது ஒரு வருஷம் காலில் பெட்டியோடு வீட்டுக் காவல் என்றார் நீதிபதி. வீட்டு எல்லையைத் தாண்டக் கூடாது. மிஸ்டர் டில்மன் பக்கத்தில் போகவோ பேசவோ கூடாது. இரண்டில் எதை மீறினாலும் அந்த நாலு வருஷம் அப்படியே திரும்பி வரும். இன்னும் மூன்று மாதம்தான் பாக்கி.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சூறாவளிச் சங்கு ஊதாமல் இருந்திருந்தால்.

சங்கு ஊதினால் என்ன செய்ய வேண்டும் என்பது ஓக்லஹோமாவில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். பூமிக்கடியில் போக வேண்டும். அந்தத் தெருவில் குழி உள்ள வீடு நடீன் வீடு ஒன்றுதான். கொல்லையில் பதினோரு படி இறங்கினால் சிமெண்ட் அறை, மேலே இரும்புக் கதவு. குழி வைத்திருப்பவர்கள் அதைப் பூட்ட மாட்டார்கள். சட்டம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் பூட்ட மாட்டார்கள். சங்கு ஊதினால் தெருவில் யாராவது வருவார்கள்.

மிஸ்டர் டில்மன் மட்டும் ஒன்பது மாதமாக வரவில்லை. தன் வீட்டுக் குளியல் தொட்டியில் படுத்து, மேலே மெத்தையை இழுத்துப் போட்டுக்கொள்வார். செவ்வாய்க்கிழமை வானம் பாசி மாதிரிப் பச்சையாகிவிட்டது. டிவியில் வானிலைக்காரர் தெருப் பேர் சொல்லி, "தரைக்கு மேல இருக்கிறவங்க பிழைக்க மாட்டீங்க" என்று கத்தினார். கிழவர் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். பாதி வழியில் சக்கரம் பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. எலுமிச்சம்பழம் சைஸில் ஆலங்கட்டி.

குழிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற டஸ்டின் அதைப் பார்த்தான். ஓடினான். தூக்கிக்கொண்டு வந்தான்.

அவ்வளவுதான் நடந்தது. பெட்டிக் கம்பெனியின் வரைபடத்தில் இது வேறு மாதிரித் தெரிந்தது. மாலை 5.52, எல்லைக்கு வெளியே, தெருவில் ஒரு புள்ளி. அதற்கப்புறம் நாற்பத்தோரு நிமிஷம் புள்ளியே இல்லை; பூமிக்கடியில் சிக்னல் எட்டாது.

புதன்கிழமை காலை நோட்டீஸ் வந்தது. வியாழன் மதியம் விசாரணை. நடீன் நேராகத் தீயணைப்பு நிலையத்துக்கு ஓடினாள். காற்று கடந்ததும் தொண்டர் படைப் பையன்கள் குழி குழியாகப் போய்க் கதவைத் தட்டி, உள்ளே யார் யார் என்று எழுதிக்கொள்வார்கள். இடிந்த வீட்டடியில் யாரையும் விட்டுவிடக் கூடாது என்பதற்காக. அந்தச் சீட்டின் நகலைத் தங்கப் பதக்கம் மாதிரித் தூக்கிக்கொண்டு போய் வக்கீல் ஆபீசில் கொடுத்தாள். என் பையன் குழிக்குள்தான் இருந்தான், இதோ அத்தாட்சி என்று.

"அம்மா." டஸ்டின் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த இன்னொரு நகலை எடுத்திருந்தான். "இதை நீ படிச்சியா?"

"படிக்காம என்ன? உன் பேரு இருக்கு. ரெண்டாவது வரி."

"மூணாவது வரியைப் படி."

நடீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். தொண்டர் படை ஸ்கீட்டரின் கோழிக் கிறுக்கல். நடீன். டஸ்டின். மிஸ்டர் டில்மன். பக்கத்து வீட்டு பெர்னிஸ், நாயுடன். மொத்தம் நாலு பேர்.

இஸ்திரிப் பெட்டி பேன்ட் மேலேயே நின்றது.

"அவன் கதவைத் திறந்து யாரெல்லாம்னு கேட்டான். நான் பாட்டுக்குச் சொல்லிட்டேன்" என்றாள். "எப்பவும் சொல்றதுதானேடா."

"பேன்ட் தீயுதும்மா."

சட்டென்று எடுத்தாள். கறுப்புத் துணியில் முக்கோணமாக ஒரு பழுப்பு.

*

கோர்ட் வராந்தாவில் வக்கீல் ஷெல்பி காத்திருந்தாள். அரசாங்கம் கொடுத்த வக்கீல். முப்பது வயசு இருக்காது. கையில் இன்னும் ஏழு கேஸ் கட்டு.

"சீட்டை நேத்தே தாக்கல் பண்ணிட்டேன்" என்றாள். "மூணாவது பேரு யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டு பேரும் என்கிட்ட வாயே திறக்கலையே!"

"இப்ப திரும்ப வாங்க முடியாதாம்மா?"

"வாங்கலாம். வாங்கினா உங்க பையன் குழியில இருந்ததுக்கு உங்க வாய் ஒண்ணுதான் சாட்சி. அம்மா வாயை யார் நம்புவா? பெர்னிஸைக் கூப்பிட்டா அவங்களும் டில்மன் பேரைத்தான் சொல்வாங்க. தெருவில ஒரு புள்ளி, அப்புறம் நாற்பத்தோரு நிமிஷம் ஆளைக் காணோம். ஓடிட்டான்னு சொல்வாங்க. சீட்டு இருந்தா ஓடலைன்னு ஆகும். ஆனா டில்மன் பக்கத்தில இருந்தான்னு ஆகும்."

"தொட்டே தூக்கினேன்" என்றான் டஸ்டின்.

"அதை நான் கேக்காத வரைக்கும் நீங்க சொல்லாதீங்க."

"அப்ப என்னம்மா, ஓடினாலும் நாலு வருஷம், தூக்கினாலும் நாலு வருஷமா?" நடீனின் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. "கிழவனை ஆலங்கட்டியில விட்டுட்டுக் கதவைச் சாத்தியிருந்தா நல்ல பிள்ளையா?"

ஷெல்பி கட்டுகளை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

அப்போதுதான் டார்லா படியேறி வந்தாள். நடீனின் மூத்தவள். மாநிலச் சிறையில் காவலாளி. காலை ஷிப்ட் முடித்து யூனிபார்மோடு வந்திருந்தாள், இடுப்பில் வெறும் சாவி வளையம்.

"இந்த உடுப்பிலதான் வரணுமா?" என்றாள் நடீன்.

"வீட்டுக்குப் போய் மாத்த நேரமில்லம்மா."

"தம்பியைக் கூட்டிட்டுப் போக வந்த மாதிரி இருக்கு."

"அம்மா, விடு" என்றான் டஸ்டின். "அக்கா, காபி குடிச்சியா?"

டார்லா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பேன்ட்டில் இருந்த பழுப்பு முக்கோணத்தைப் பார்த்துக்கொண்டு, "ம்" என்றாள்.

*

நீதிபதி மெக்கேப் நல்லவர் என்றுதான் ஊரில் பேச்சு. தேவாலயத்தில் கடைசி வரிசையில் உட்காருவார். அவர் வீட்டுக் கொல்லையிலும் குழி இருக்கிறது. நடீனுக்குத் தெரியும், அந்தக் குழிக்குச் சிமெண்ட் போட்டது அவளுடைய புருஷன்தான், டெக்சாஸ் போய்த் திரும்பி வராமல் போவதற்கு முந்தின வருஷம்.

பெட்டிக் கம்பெனிக்காரர் நேரில் வரவில்லை. வேறு மாநிலத்திலிருந்து டிவித் திரையில் வந்தார். கழுத்தில் டை, பின்னால் பொம்மைச் செடி. முதலில் புள்ளியைக் காட்டினார். பிறகு புள்ளி இல்லாத வரைபடத்தைக் காட்டினார்.

"சிக்னல் போனதும் நீங்க என்ன செஞ்சீங்க?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

"விதிப்படி முதல்ல வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டோம். யாரும் எடுக்கல."

"எல்லாரும் பூமிக்கடியில இருந்தோம்டா!" என்றாள் நடீன்.

"அம்மா, உங்க முறை வரும்" என்றார் நீதிபதி.

"ரெண்டாவதா கொடுத்திருந்த நம்பருக்குக் கூப்பிட்டோம். அவருடைய சகோதரி எடுத்தார். அழைப்பு பதிவாகி இருக்கு." அவர் தாளைப் பார்த்து வாசித்தார். "'அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது. அவனுக்காக என்னால பேச முடியாது.' அதுக்கப்புறம்தான் விதிமீறல்னு பதிவு பண்ணினோம்."

நடீன் மெல்லத் திரும்பினாள். டார்லா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

"நீயா?"

"ட்யூட்டியில இருந்தேன். தெரியாததைத் தெரியும்னு எப்படிச் சொல்றது?"

"சங்கு ஊதினா நம்ம வீட்ல எங்க போவோம்னு உனக்குத் தெரியாதா? அந்தப் படியில உருண்டு உன் முன்பல்லு போச்சேடி!"

நீதிபதி மேஜையைத் தட்டினார்.

நடீன் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தாள். அரசு வக்கீல் சீட்டைக் கையில் கொடுத்தார். மூணாவது பேர் யார் என்று கேட்டார். பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. கிறுக்கல் புரியவில்லை என்று சொல்லலாம். மகனைப் பார்த்தாள். அவன் தலையை மெல்ல ஆட்டினான். வேண்டாம்.

"மிஸ்டர் டில்மன்" என்றாள்.

"யாருக்குக் காயம்பட்டதோ அதே மிஸ்டர் டில்மனா?"

"எங்க ஊர்ல ஒரே டில்மன்தான். நான் ஒண்ணு கேக்கலாமா?"

"நீங்க பதில் மட்டும்தான்..."

"திரையில இருக்கிற அந்தத் தம்பியைக் கேக்கறேன்." நடீன் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "ஏன் தம்பி, என் பையன் குழிக்குப் போகாம வீட்டுக்குள்ளயே நின்னு, கூரை அவன் மேல விழுந்து செத்துப்போயிருந்தா, உன் வரைபடத்தில என்ன காட்டும்?"

அந்த ஆள் நல்ல பையன்தான் போல. யோசித்து, உள்ளதைச் சொன்னார்.

"பெட்டி உடையாத வரைக்கும், எல்லைக்குள்ள இருக்கார்னு காட்டும் மேடம். விதிமீறல் பதிவாகி இருக்காது."

அரசு வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார்.

"கேட்டீங்களா யுவர் ஆனர்?" நடீனுக்கு மூச்சு வாங்கியது. "செத்தா நல்லவன். உங்க வீட்டுக் குழிக்குப் பூட்டு இருக்கா? அந்தக் குழியைக் கட்டினது எங்க வீட்டுக்காரர்தான். பூட்டு வைக்கவான்னு கேட்டதுக்கு, வேண்டாம், தெருவுல யாராவது வருவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

பின்பக்கக் கதவு திறந்தது. சக்கரம் கிறீச்சிட்டது. மிஸ்டர் டில்மன் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். ஒரு சக்கரத்தில் செவ்வாய்க்கிழமைச் சேறு இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. அவர் வந்துசேரும் வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

"யாரும் என்னைக் கூப்பிடல" என்றார். "நானா வந்தேன். என்னைப் பத்திப் பேசறீங்க, என்னைக் கேக்க வேண்டாமா?"

ஷெல்பி துள்ளி எழுந்து அவரைச் சாட்சியாக விசாரிக்க அனுமதி கேட்டாள்; நடீன் கூண்டை விட்டு இறங்கினாள். கூண்டுப் படி ஏற முடியாமல் கீழேயே நின்று சத்தியம் செய்தார் கிழவர்.

"இவனை நான் மன்னிக்கல" என்று ஆரம்பித்தார். "காலையில செருப்பு மாட்டறப்ப எல்லாம் இவனைத் திட்டறேன். இனியும் திட்டுவேன். அது எனக்கும் இவனுக்கும். ஆனா செவ்வாய்க்கிழமை நான்தான் இவங்க வீட்டுக்குப் போனேன். இவன் என்கிட்ட வரல. தெருவில பாதியில மாட்டிக்கிட்டேன். தூக்கிட்டுப் போனான். குழியில உக்கார வெச்சுட்டு, அந்த மூலைக்குப் போய்ச் சுவத்தைப் பாத்து நின்னுக்கிட்டான். நாற்பத்தோரு நிமிஷமும் திரும்பல. ஒரு வார்த்தை பேசல. உத்தரவாம். நான்தான், 'ஏண்டா மடையா, திரும்புடா'ன்னு கத்தினேன்."

பெர்னிஸின் நாய் அவன் காலை நக்கியது நடீனுக்கு ஞாபகம் வந்தது. அப்போதும் அவன் திரும்பவில்லை.

"இன்னொண்ணும் கேட்டேன்" என்றார் கிழவர். "மேல ரயில் ஓடற மாதிரிச் சத்தம். கதவு ஆடுது. இவன் காலில கட்டின சனியன் பேசுது. பொம்பளைக் குரல். 'சிக்னல் இல்லை. வெளியே செல்லவும். சிக்னல் இல்லை. வெளியே செல்லவும்.' விடாம சொல்லுது. நான் நாற்பத்தஞ்சு வருஷம் மருந்துக்கடை நடத்தினவன், சீட்டுல எழுதினதை எழுதினபடி கொடுக்கணும்னு தெரியும். ஆனா விஷம்னு தெரிஞ்சா, எழுதினது டாக்டரா இருந்தாலும் கொடுக்க மாட்டேன். இவ்வளவுதான்."

நீதிபதி வெகு நேரம் எழுதினார். பிறகு எழுதியதை அடித்தார்.

"எல்லை தாண்டினதையும் சிக்னல் போனதையும் நான் மீறலா எடுத்துக்கல" என்றார். நடீன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா பக்கத்தில போகக் கூடாதுங்கறது என் கையெழுத்து போட்ட உத்தரவு. அதை என்ன செய்யறதுன்னு யோசிச்சுத் திங்கட்கிழமை சொல்றேன். அதுவரைக்கும் வீட்லயே..."

"யுவர் ஆனர், மன்னிக்கணும்" என்றார் திரையில் இருந்தவர். "விதிமீறல் பதிவானதும் அந்தப் பெட்டிக்கான ஒப்பந்தம் முடிஞ்சுடும். பெட்டியை நாங்க திரும்ப எடுத்துக்கணும். புதுசு போட விண்ணப்பம் கொடுத்தா ஏழு வேலை நாள் ஆகும்."

"பெட்டி இல்லாம வீட்டுக்கு அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லையே."

"இல்லைங்க" என்று திரையிலிருந்து பதில் வந்தது.

நீதிபதி ஷெல்பியைப் பார்த்தார். ஷெல்பி புத்தகத்தைப் புரட்டினாள். அரசு வக்கீல்கூடப் புரட்டினார். மூன்று படித்த மனுஷர்கள், ஒரு பிளாஸ்டிக் பெட்டி. பெட்டிதான் ஜெயித்தது.

"திங்கட்கிழமை வரைக்கும் இங்க மேல மாடி ஜெயில்" என்றார் நீதிபதி, யாரையும் பார்க்காமல்.

ஒரு போலீஸ்காரர் மண்டியிட்டுக் கத்தரியால் பட்டையை வெட்டினார். ஒன்பது மாதம் கழித்து நடீன் மகனின் கணுக்காலைப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று ஒரு வளையம், நடுவில் தோல் உரிந்து புண். பெட்டியைப் பத்திரமாக ஒரு பஞ்சுப் பைக்குள் வைத்தார்கள். பிறகு அந்தக் காலிலேயே சங்கிலி மாட்டினார்கள்.

"அடுப்பில மிச்ச ரொட்டி இருக்கும்மா" என்றான் டஸ்டின். "மிஸ்டர் டில்மனுக்குக் கொடு. நான் கொடுத்தேன்னு சொல்லாத. அதுவும் குத்தமாயிடும்."

*

ஐந்தே முக்காலுக்கு டார்லா ஒரு காகிதப் பையோடு வீட்டுக்கு வந்தாள். அதில் டஸ்டினின் ஷூ, பெல்ட், பழுப்பு முக்கோணம் விழுந்த பேன்ட்.

நடீன் வாங்கிக்கொள்ளவில்லை.

"திட்டறதுன்னா திட்டும்மா."

"நீ யாருடி எனக்கு? உனக்காக என்னால பேச முடியாது."

டார்லா பையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "அங்க ஒரு போன் வந்தா இப்படித்தான் பேசணும்னு ஆறு வருஷமா பழக்கி வெச்சிருக்காங்கம்மா. தெரியாது, பொறுப்பில்ல, பேச முடியாது. வாயில அதுவா வருது. போனை வெச்சப்புறம்தான் தம்பின்னே உறைச்சுது. அந்தக் கம்பெனிக்குத் திரும்பக் கூப்பிட்டேன். விடிய விடியக் கூப்பிட்டேன். ஒண்ணை அழுத்து, ரெண்டை அழுத்துன்னு மிஷின்தான் பேசிச்சு."

நடீன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சங்கு ஊதியது.

இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள். மேற்கே வானம் தரை வரை இறங்கியிருந்தது. அதே பச்சை.

"டார்லா." நடீனின் குரல் மாறிவிட்டது. "நீ வேலைக்குச் சேர்ந்தப்ப முதல் ரெண்டு வருஷம் கோர்ட் மாடி ஜெயில்லதானே இருந்தே? சங்கு ஊதினா உள்ள இருக்கிறவங்களை எங்க கூட்டிட்டுப் போவீங்க?"

இந்த ஆறு வருஷத்தில் அவள் இதைக் கேட்டதே இல்லை. மகள் பத்திரமா என்று மட்டும்தான் கேட்டிருக்கிறாள்.

"நாங்க அடித்தளத்துக்குப் போவோம்மா."

"நீங்க போவீங்க. அவங்க?"

டார்லா காகிதப் பையைக் கீழே வைத்தாள்.

"அவங்க எல்லைக்குள்ளதான் இருப்பாங்க" என்றாள். "மூணாவது மாடி. பூட்டித்தான் இருக்கும். சாவியைக் கீழ எடுத்துட்டுப் போயிடணும்னு விதி."

அதற்கு மேல் பேச நேரமில்லை. பெர்னிஸ் நாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "கதவு, கதவு!" என்று கத்தியபடி வேலியைத் தாண்டி வந்தாள். தெருவில் நடைவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது. ஓடித் தூக்க இன்று ஆள் இல்லை. நடீன் வாசல் படியிறங்குவதற்குள் டார்லா ஓடினாள். யூனிபார்ம் தொப்பி பறந்தது. கிழவரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள், தம்பி போட்டுக்கொண்டு வந்த மாதிரியே.

"மெதுவாடி, இந்த இடுப்பை ஏற்கெனவே உன் குடும்பம் ஒரு தடவை உடைச்சிருக்கு" என்றார் மிஸ்டர் டில்மன்.

இரும்புக் கதவு மூடியது. டஸ்டின் சுவரைப் பார்த்து நின்ற அந்த மூலையில் யாரும் போய் நிற்கவில்லை. நாய் மட்டும் அங்கே போய் மோந்து பார்த்துவிட்டு வந்தது. மேலே ரயில் ஓடியது. நீளமான ரயில். கிழக்கே போனது. கிழக்கேதான் கோர்ட்.

வெகு நேரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் ஸ்கீட்டர், தலையில் டார்ச், கையில் அட்டை, காதில் பென்சில்.

"எல்லாரும் முழுசா இருக்கீங்களா?"

"கோர்ட் பக்கம் என்னாச்சு?" என்றாள் டார்லா.

"கரண்ட் இல்ல. வயர்லெஸ்ல கூப்பிட்டுக்கிட்டே இருக்கோம், இன்னும் பதில் வரல. ரோட்ல மரம் கிடக்கு." அவன் உள்ளே டார்ச் அடித்து எண்ணினான். "நடீன், பெர்னிஸ், மிஸ்டர் டில்மன், டார்லா. நாலு பேர். செவ்வாய்க்கிழமையும் நாலுதானே? சரியா இருக்கு."

"சரியா இல்ல" என்றாள் நடீன். "அஞ்சுன்னு எழுது."

"அஞ்சாவது யாரு?"

"டஸ்டின். கோர்ட் கட்டிடம், மூணாவது மாடி. சங்கு ஊதினப்ப அவன் கதவு பூட்டியிருந்துச்சுன்னு எழுது. சாவி கீழ போயிடுச்சுன்னு எழுது. இந்தச் சீட்டை நீதிபதி படிப்பாரு, எனக்குத் தெரியும். போன தடவை ஒரு வரி விடாம படிச்சாரு."

ஸ்கீட்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "குழியில இருக்கிறவங்களுக்குத்தான் கட்டம் இருக்கு நடீன். வெளிய பூட்டி வெச்சவங்களுக்குக் கட்டம் இல்லையே. அதோட, சாவி எங்க போச்சுன்னு எனக்கெப்படித் தெரியும்? யார் சொன்னான்னு கேப்பாங்க."

டார்லா கையை நீட்டி அவன் காதிலிருந்து பென்சிலை எடுத்தாள். சீட்டைப் படியில் வைத்து, டார்ச் வெளிச்சத்தில் முதலில் தன் காவலாளி பேட்ஜ் நம்பரை எழுதினாள்.